பேசாத மன்னன் கேட்ட கேள்விகள்

“முப்பத்தோராவது நாள், ஜியாயின் நாளில் பெற்றாள். நல்லதில்லை. பெண்.”

சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன் வட சீனத்தில் ஓர் ஆமையோட்டில் கீறி வைத்த வரி இது. பெற்றவள் பெயர் ஃபூ ஹாவ். ஷாங் மன்னன் வூ திங்கின் மனைவி. இந்த வரியை நான் முதலில் படித்து ஏழெட்டு வருடம் இருக்கும். அதன்பிறகு ஷாங் வம்சத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். எங்கே சுற்றினாலும் இந்த ஆமையோட்டுக்கே திரும்பி வந்து நிற்கிறேன். மூன்று அக்காமார்களுக்குப் பிறகு பிறந்தவள் நான். பிரசவ அறை வாசலில் அந்த ஒற்றைச் சொல்லை யார் எப்படிச் சொன்னார்கள் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதே சொல், சீனத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளுக்கு நடுவிலேயே இருப்பதைப் பார்த்தபோது அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

முழு வாசகத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜியாஷென் நாளன்று சுவே என்ற குறிகாரர் கேட்கிறார்: ஃபூ ஹாவுக்குப் பிரசவம் நல்லபடியாக ஆகுமா? மன்னன் ஓட்டில் விழுந்த வெடிப்பைப் பார்த்துச் சொல்கிறான்: திங் நாளில் பெற்றால் நல்லது, கெங் நாளில் பெற்றால் மிகவும் நல்லது. (திங், கெங் என்பவை அவர்களுடைய பத்து நாள் வாரத்தில் இரண்டு நாள்களின் பெயர்கள்.) அதற்குப் பிறகுதான் நான் மேலே கொடுத்த வரி. ஓட்டின் வலப்பக்கம் ‘நல்லபடியாக ஆகும்’, இடப்பக்கம் ‘நல்லபடியாக ஆகாது’ என்று ஒரே விஷயத்தை இரண்டு விதமாகவும் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே முடிவு பொறித்திருக்கிறது. அவள் பெற்றது திங் நாளிலும் இல்லை, கெங் நாளிலும் இல்லை. மன்னன் வாக்கு பிசகவில்லை என்று காட்டத்தான் இவ்வளவு கவனமாக எழுதி வைத்தார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தக் குறி கேட்கும் முறையை நெருங்கிப் பார்க்க வேண்டும். ஆமையின் வயிற்றுப்பக்கத்துத் தட்டையான ஓடு வேண்டும், இல்லையென்றால் மாட்டின் தோள்பட்டை எலும்பு. அதைச் சுரண்டித் தேய்த்து மழமழவென்று ஆக்கி, பின்புறத்தில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள் குடைவார்கள். குழி மறுபக்கம் வரை போய்விடக் கூடாது. மெல்லிய ஏடு போல எலும்பு மிஞ்சி நிற்க வேண்டும். கேள்வியைச் சொல்லி அந்தக் குழியில் சூட்டுக்கோலை வைத்தால் முன்பக்கத்தில் ஒரு நெடுக்குக் கோடும், அதிலிருந்து பக்கவாட்டில் ஒரு கீற்றும் வெடிக்கும். குறி கேட்பதற்கான சீன எழுத்து இன்றும் அந்த வெடிப்பின் படம்தான். நெடுக்காக ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கீற்று. இன்று அதை ‘பூ’ என்கிறார்கள். அந்தக் காலத்தில் ‘போக்’ என்பது போல ஒலித்திருக்கும் என்று மொழி ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். எலும்பு வெடிக்கும் சத்தமே சொல்லாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எழுத்து அதற்குப் பிறகு வருகிறது. சில பெரிய வாசகங்களின் கீறல்களில் செஞ்சாயம் தேய்த்திருக்கிறார்கள். ஓரத்தில் கொள்முதல் கணக்குபோலக் குறிப்புகள் இருக்கும். ஓரிடத்திலிருந்து ஆயிரம் ஓடு வந்தது, ஃபூ ஜிங் நாற்பதைப் பக்குவப்படுத்தினாள் என்று. ஃபூ ஜிங் மன்னனின் இன்னொரு மனைவி. அரசியின் கை பட்டுத்தான் ஓடு குறிகாரரின் கைக்குப் போயிருக்கிறது.

வூ திங் என்னவெல்லாம் கேட்டான் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. இன்று மழை உண்டா? மேற்கிலிருந்து வருமா? கிழக்கிலிருந்து வருமா? வடக்கிலிருந்தா? தெற்கிலிருந்தா? நான்கு திசையையும் ஒரே எலும்பில் தனித்தனியாகக் கேட்டிருக்கிறான். விளைச்சல், போர், வேட்டை, கண்ட கனவு எல்லாவற்றுக்கும் கேள்வி உண்டு. ஒருநாள் அவனுக்குப் பல் வலி. செத்துப்போன பெரியவர்களில் யாரோ கோபமாக இருக்கிறார்கள். பெரியப்பா ஜியாவா? பெரியப்பா கெங்கா? பெரியப்பா ஷின்னா? அப்பா யீயா? மூலத்தில் நால்வருக்கும் ‘அப்பா’ என்ற ஒரே சொல்தான். அப்பாவின் அண்ணனையும் அப்பா என்றே அழைத்த மக்கள் அவர்கள். பெரியப்பா என்று கூப்பிட்டு வளர்ந்த நமக்கு அதில் விளக்க ஒன்றும் இல்லை.

ஒரு தோள்பட்டை எலும்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அடுத்த பத்து நாளில் கெடுதல் இல்லையே என்று கேட்கிறார்கள். மன்னன் வெடிப்பைப் பார்த்து, கெடுதல் இருக்கிறது என்கிறான். மறுநாள் காட்டெருமை வேட்டை. அதிகாரி ஒருவரின் தேர் பாறையில் இடித்து மன்னனின் தேர்மீது சாய, கூடப்போன இளவரசன் யாங் கீழே விழுகிறான். இதையும் பெரிய எழுத்தில் வெட்டிச் செஞ்சாயம் பூசி வைத்தார்கள். அந்தப் பதிவில் ‘தேர்’ என்ற எழுத்தை அச்சு முறிந்து சாய்ந்த தேராகவே வரைந்திருக்கிறான் எழுதியவன். அவன் கையை நேரில் பார்த்தது போல இருந்தது எனக்கு.

இப்போது புராணத்துக்கு வருகிறேன். சீன மரபு நூல்களில் வூ திங்குக்கு உள்ள பெரிய புகழ் என்ன தெரியுமா? அவன் பேசாதவன். பட்டத்துக்கு வந்து மூன்று வருடம் வாயே திறக்கவில்லை. ஆட்சியை அமைச்சரிடம் விட்டுவிட்டு நாட்டைக் கவனித்துக்கொண்டிருந்தான். ஒரு கனவில் ஞானி ஒருவரைக் கண்டான். அந்த முகச்சாயலை வைத்து நாடெங்கும் தேடியதில், மண்ணை இடித்துக் கெட்டித்துச் சுவர் எழுப்பும் கைதிகளுக்கு நடுவே ஃபூ யுவே கிடைத்தார். அவரை அமைச்சராக்கியதும் நாடு செழித்தது. கன்ஃபூசியஸிடம் அவருடைய மாணவர் ஸி ஜாங் இதைப் பற்றிக் கேட்கிறார்: மூன்று வருடம் பேசவில்லை என்றால் என்ன பொருள்? பழைய காலத்தவர் எல்லாருமே அப்படித்தான், அரசன் இறந்தால் மூன்று வருடம் துக்கம் காப்பார்கள் என்று பதில் வருகிறது. அப்படியாகப் பேசாத மன்னன் துக்கத்துக்கு இலக்கணமாகிவிட்டான்.

மண்ணுக்குள் இருந்ததோ ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒருவன். கண்டெடுத்த குறி வாசகங்களில் மிகப் பெரும்பகுதி வூ திங் காலத்தவை. வேறெந்த ஷாங் மன்னனும் இத்தனை கேள்வி கேட்டதில்லை. மூவாயிரம் வருடம் இந்த இரண்டு வூ திங்கும் ஒருவரையொருவர் அறியாமல் இருந்திருக்கிறார்கள்.

அவர்களைச் சேர்த்து வைத்தது மருந்துக்கடை. ஹெனான் மாநிலத்தில் ஆன்யாங் ஊரை ஒட்டி, ஹுவான் ஆற்றங்கரையில் ஷியாவ்துன் என்றொரு கிராமம். அங்கே உழும்போது வரும் பழைய எலும்புகளை ‘டிராகன் எலும்பு’ என்று பொடித்து மருந்தாக விற்றார்கள். கீறல் இருந்தால் விலை போகாது என்று எழுத்தைச் சுரண்டிவிட்டு விற்றவர்களும் உண்டு. எத்தனை கேள்விகள் கஷாயமாகிப் போயின என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. 1899இல் பெய்ஜிங்கில் அரசுக் கல்விக்கழகத்தின் தலைவராக இருந்த வாங் யிரோங் இவை பழைய எழுத்து என்று கண்டுகொண்டு வாங்கிச் சேர்த்தார். காய்ச்சலுக்கு வாங்கிய மருந்துப் பொட்டலத்தில் அவர் கண்டார் என்ற கதை எல்லா இடத்திலும் உலவுகிறது. பழம்பொருள் வியாபாரிகள் அவரிடம் கொண்டுவந்தார்கள் என்பதுதான் நம்பத் தகுந்தது. மறு வருடமே எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்குக்குள் நுழைந்தபோது அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஷாங் என்று ஒரு வம்சம் இருந்ததா என்றே அன்றைக்கு ஐயப்பட்டவர்கள் இருந்தார்கள். ஷாங் விழுந்து ஆயிரம் வருடம் கழித்து, கிறிஸ்துவுக்கு முன் 100ஐ ஒட்டி வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதிய அரசர் பட்டியல்தான் கையில் இருந்தது. 1917இல் வாங் குவோவெய் என்ற அறிஞர் அந்தப் பட்டியலை எலும்புகளோடு ஒப்பிட்டார். ஏறக்குறைய அப்படியே பொருந்தியது. ஒரு மூதாதையின் பெயர் வரிசை மாறியிருந்தது போன்ற சில பிசகுகள்தான் சிமா சியெனிடம் இருந்தன. ஆயிரம் வருடம் வாய்வழியாகவும் ஏட்டு வழியாகவும் வந்த பட்டியலில் அவ்வளவுதான் பிசகு! 1928இல் ஆன்யாங்கில் முறையான அகழ்வு தொடங்கியது. 1936 ஜூன் 12ஆம் தேதி, அந்தப் பருவத்துக்கான வேலையை முடிக்க நினைத்திருந்த நேரத்தில், ஒரு குழியிலிருந்து 17,000க்கும் மேற்பட்ட ஓடுகள் வந்தன. ஓடுகளுக்கு நடுவே ஒரு மனித எலும்புக்கூடு சுருண்டு கிடந்தது.

ஷாங் சடங்கின் அச்சு நாள்தான். அவர்களுக்கு வாரம் என்றால் பத்து நாள்: ஜியா, யீ, பிங், திங் என்று தொடங்கிப் பத்துப் பெயர்கள். வானத்தில் பத்துச் சூரியன்கள் உண்டு, முறைவைத்து ஒவ்வொன்றாக வருகின்றன என்று ஒரு பழைய சீனக் கதை இருக்கிறது. அந்தக் கதையின் வேர் இந்தப் பத்து நாளில்தான் இருக்கிறது என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. இறந்த மன்னனுக்குப் பத்து நாள் பெயர்களில் ஒன்று கிடைக்கும். அந்த நாள் வரும்போது அவனுக்குப் படையல். வூ திங்குக்குத் திங் நாள், அவன் அப்பா ஷியாவ் யீக்கு யீ நாள். நாம் திதி பார்ப்பதுபோல அவர்கள் நாள் பார்த்திருக்கிறார்கள், வருடத்துக்கு ஒருமுறையோடு நிறுத்தாமல். வம்சத்தின் கடைசிக் கட்டத்தில் எல்லா முன்னோருக்கும் ஐந்து வகைப் படையலையும் ஒரு சுற்று முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு முழு வருடமே பிடித்தது. எல்லாருக்கும் மேலே ‘தி’ என்ற பெருந்தெய்வம். மழையும் வறட்சியும் போரின் வெற்றியும் அதன் கையில். ஆனால் அதற்கு நேராகப் படையல் வைத்ததாகப் பார்ப்பது அரிது. முன்னோரைக் கும்பிட்டு, அவர்கள் போய் மேலே சொல்ல வேண்டும்.

படையலில் என்ன வைத்தார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். தினை, தினையில் வடித்த மது, ஆடு, மாடு, பன்றி, நாய். பிறகு மனிதர்கள். குறி வாசகங்களில் மட்டுமே பலியானவர்களின் கணக்கு 13,000ஐத் தாண்டுகிறது. அவர்களில் நிறையப் பேர் சியாங் என்ற மக்கள், மேற்கே ஆடு மேய்த்தவர்கள். அவர்களுக்கான எழுத்தே ஆட்டுக்கொம்பு வைத்த ஒரு மனித உருவம். “முந்நூறு சியாங்கைத் திங்குக்குக் கொடுப்பதா” என்று ஒரு வரி இருக்கிறது; திங் என்பது இங்கே திங் நாளுக்குரிய ஒரு முன்னோர். மாட்டுக்கும் ஆட்டுக்கும் எண்ணிக்கை கேட்ட அதே குரலில், அதே வாய்பாட்டில். பல் வலிக்குக் கேட்டவனை நெருக்கமாக உணர்ந்து படித்துக்கொண்டு வந்தவள், இந்த வரியில் கை நடுங்கி நின்றேன். அதன்பிறகு வூ திங்கை முன்போல நேசிக்க முடியவில்லை.

மரபு நூல்கள் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அங்கே ஷாங் குலம் எவ்வளவு அழகாகத் தொடங்குகிறது! ஜியான் தி என்ற பெண் குளிக்கப் போன இடத்தில் ஒரு கரிய பறவை முட்டையிட்டுப் போகிறது. அதை எடுத்து விழுங்கியவள் கருவுற்று, ஷாங் குலத்தின் ஆதி மூதாதையைப் பெறுகிறாள். வம்சத்தை நிறுவிய தாங் மன்னன் கதையோ இன்னும் உருக்கமானது. வருடக்கணக்கில் மழை இல்லை. மனிதப் பலி கேட்கிறது குறி. முசுக்கட்டைத் தோப்பில் தாங் தன் முடியை வெட்டிக்கொண்டு தன்னையே பலியாக நிறுத்துகிறான். குற்றம் என்னுடையதாக இருந்தால் மக்களைத் தொடாதே, மக்களுடையதாக இருந்தால் அதுவும் என் தலையில் விழட்டும் என்கிறான். மழை கொட்டுகிறது. பலி கொடுத்தே ஆண்ட ஒரு குலத்தைப் பற்றிப் பின்னால் வந்தவர்கள் வைத்திருந்த கதை, தன்னைப் பலியாகக் கொடுக்க வந்த மன்னனின் கதை. எலும்புகளில் எந்த மன்னனும் தன்னைக் கொடுக்க முன்வந்து நான் படிக்கவில்லை.

கதை முடியும் விதமும் தெரிந்ததுதான். வூ யீ என்ற மன்னன் ஒரு பொம்மை செய்து அதைக் கடவுள் என்று சொல்லி அதனோடு சூதாடி, அது தோற்றதும் அவமதித்தான். தோல்பையில் ரத்தம் நிரப்பி மேலே தொங்கவிட்டு அம்பெய்து, வானத்தையே அடிக்கிறேன் என்றான். வேட்டைக்குப் போன இடத்தில் இடி விழுந்து செத்தான். கடைசி மன்னன் தி ஷின் தந்தத்தில் சாப்பாட்டுக் குச்சி செய்துகொண்டதைப் பார்த்த உறவினர் ஜி ஸி அஞ்சினாராம்: தந்தக் குச்சி மண் கிண்ணத்தோடு ஒட்டாது, பச்சைக்கல் கிண்ணம் வரும், அதில் பருப்புக் கூழ் ஒட்டாது, அரிய இறைச்சி வரும், பிறகு பட்டு, பிறகு மாளிகை. அங்கிருந்து மதுக்குளம், மாமிசக் காடு, ஆசைநாயகி தா ஜி, அறிவுரை சொன்ன உறவினர் பி கானின் இதயத்தைப் பிளந்து பார்த்தது என்று கதை வளர்ந்துகொண்டே போனது. கன்ஃபூசியஸின் மாணவர் ஸி கோங் அப்போதே சொல்லியிருக்கிறார்: அந்த மன்னன் இவ்வளவு கெட்டவனாக இருந்திருக்க மாட்டான். அதனால்தான் நல்லவர்கள் பள்ளத்தில் நிற்க அஞ்சுகிறார்கள், உலகத்து அழுக்கெல்லாம் அங்கேதான் வந்து சேரும் என்று. எனக்கு இந்த வாக்கு மிகவும் பிடிக்கும்.

தி ஷின்னை வீழ்த்தி அடுத்து ஆட்சிக்கு வந்த ஜோவ் குலத்து மன்னன் முயே போர்க்களத்தில் பேசியதாக ஒரு பழைய உரை உண்டு. தன்னோடு வந்த எட்டு மக்களின் பெயரைச் சொல்லி அழைக்கிறான். அந்தப் பட்டியலில் சியாங் இருக்கிறார்கள். மதுக்குளத்தைப் பற்றி நூற்றாண்டுகள் பேசியவர்கள், அந்த விடியலில் ஆட்டுக்கொம்புக்காரர்கள் ஏன் அங்கே நின்றார்கள் என்று கேட்கவில்லை. போர் நடந்த நாள் ஜியாஸி, அறுபது நாள் சுற்றின் முதல் நாள். அதைப் பொறித்த வெண்கலப் பாத்திரம் ஒன்று 1976இல் கிடைத்தது. சீன அறிஞர்கள் கணித்த ஆண்டு கிறிஸ்துவுக்கு முன் 1046.

வீழ்ச்சிக்கு முந்தைய எலும்புகள் வேறு மாதிரி இருக்கின்றன. எழுத்து சிறிதாக, ஒழுங்காக இருக்கிறது. பல் வலி இல்லை, கனவு இல்லை, பிரசவம் இல்லை. “அடுத்த பத்து நாளில் கெடுதல் இல்லை” என்று வருகிறது, மன்னன் பார்த்து “நல்லது” என்கிறான். அடுத்த பத்து நாளுக்கும் அதே வரி, அதே “நல்லது”. மன்னன் கெட்டது சொல்வதே இல்லை. பேசாத மன்னன் என்று பெயர் வாங்கியிருக்க வேண்டியவர்கள் இவர்கள்தான் என்று எனக்குத் தோன்றும்.

ஃபூ ஹாவைப் பற்றி சிமா சியென் ஒரு சொல்கூட எழுதவில்லை. அவருக்கு அவளைத் தெரிந்திருக்க வழியில்லை. எலும்புகளிலோ அவள் பெயர் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. அவள் சடங்கு நடத்துகிறாள், படைக்கு ஆள் திரட்டுகிறாள். ஒரு வாசகத்தில் அவளுடைய 3,000 பேரும் வேறு 10,000 பேரும் சேர்ந்து போருக்குப் போகிறார்கள். ஷாங் வாசகங்களில் நாம் காணும் மிகப் பெரிய படைகளில் அது ஒன்று. பெண் பிறந்தது நல்லதில்லை என்று எழுதியது இப்படிப்பட்ட ஒரு பெண் பெற்ற பெண்ணைப் பற்றி.

1976இல் ஜெங் ஜென்ஷியாங் என்ற பெண் தொல்லியலாளர் தலைமையில் ஷியாவ்துன்னில் மண்ணைத் துளையிட்டுப் பார்த்தபோது ஆழத்திலிருந்து சிவப்பு அரக்குப்பூச்சுத் துணுக்குகள் வந்தன. திறந்தால் ஃபூ ஹாவின் கல்லறை. மன்னர்களின் கல்லறைகள் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கின்றன, எல்லாம் எப்போதோ கொள்ளை போனவை. இவளை மட்டும் அரண்மனைக்கு அருகிலேயே புதைத்ததால் யார் கையும் படவில்லை. 460க்கும் மேற்பட்ட வெண்கலப் பொருள்கள், 750க்கும் மேற்பட்ட பச்சைக்கல் பொருள்கள், 6,000க்கும் மேற்பட்ட சோழிகள், நானூறுக்கும் மேற்பட்ட எலும்புக் கொண்டை ஊசிகள். அவள் பெயர் பொறித்த ஒரு போர்க் கோடரி ஒன்பது கிலோ, அதில் இரண்டு புலிகள் ஒரு மனிதத் தலையை நடுவில் வைத்து வாய் பிளந்து நிற்கின்றன. அவளோடு பதினாறு மனிதர்களும் ஆறு நாய்களும். அந்தப் பதினாறு பேருக்கு எந்த எலும்பிலும் பெயர் இல்லை. கொண்டை ஊசிகளின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர்களையும் நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

அவள் இறந்த பிறகும் வூ திங் கேட்பதை நிறுத்தவில்லை. அவளை மேலுலகில் முன்னோர்கள் தங்களுக்கு மனைவியாக்கிக்கொண்டார்களா என்று கேட்கும் வாசகங்கள் இருக்கின்றன; அப்படித்தான் ஆய்வாளர்கள் பலர் அவற்றைப் படிக்கிறார்கள். ஃபூ ஹாவை எடுத்துக்கொண்டது தி-யா? தாங்கா? தா ஜியாவா? ஸூ யீயா? பல் வலித்தபோது பெரியப்பா ஜியாவா, பெரியப்பா கெங்கா என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சூட்டுக்கோலை வைத்தவன், இதையும் அப்படியே ஒவ்வொரு பெயராகக் கேட்டிருக்கிறான்.